காயலான் கடைக்குப் போகும் ரகசியங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் பழைய கோப்புகள் குவிந்துள்ளன. கிழித்துப் பழைய பேப்பர் கடையில் போடலாமா? (ஈரோடு)

பதில்: கூடாது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத் துறையினர் 1989-இல் அவசரமாகக் கிழித்து மூட்டை கட்டிய கோப்புகளில் ஒரு பகுதியைப் பின்னர் வேறு ஆட்கள் கையாலேயே பொருத்தி எடுத்திருக்கிறார்கள். தாளை நீள நாடாவாக வெட்டும் மலிவான இயந்திரமும் போதாது. குறுக்கு வெட்டு இயந்திரம் வாங்குங்கள். டிஐஎன் 66399 என்ற ஜெர்மன் தரத்தில் பி-4 நிலை, அதாவது ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாதது, உங்களுக்குப் பொருந்தும். பொடியான தாளுக்குக் காகித ஆலையில் விலை குறையும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில், எதை அழிக்கலாம் என்று பாருங்கள்: நிறுவனக் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டேன். விற்கலாமா? (திருச்சி)

பதில்: எந்த வகை வட்டு என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? விரைவு ஃபார்மட் கோப்புகளின் அட்டவணையை நீக்குமே தவிர, கோப்புகளை நீக்காது. காந்த வட்டு, அதாவது உள்ளே தட்டு சுழலும் வகை, என்றால் முழுவதையும் ஒருமுறை வேறு தரவால் மேலெழுதுங்கள். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் வகை, என்றால் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி வட்டுகளைக் காந்தப்புல இயந்திரத்தில் வைத்து அழிப்பதாக வியாபாரி சொல்கிறார். (ஓசூர்)

பதில்: எஸ்எஸ்டியில் தரவு காந்த வடிவில் இல்லை, அதனால் காந்தப்புலம் அதை அழிக்காது. வேறு வியாபாரியைப் பாருங்கள்.

கேள்வி: வாடகை ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திருப்பித் தருகிறோம். கவனிக்க வேண்டியது உண்டா? (மதுரை)

பதில்: உண்டு. பல அலுவலக ஜெராக்ஸ் இயந்திரங்களுக்குள் வன்வட்டு இருக்கிறது. நகலெடுத்த பக்கங்கள் அதில் தங்கக்கூடும். நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வட்டை அழிக்காமல் இயந்திரங்களைத் திருப்பித் தந்ததற்காக 2013-இல் சுமார் 12 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. வட்டில் உள்ள தரவை அழித்து, அதன் வரிசை எண்ணை எழுதி வைத்துக்கொண்ட பிறகே இயந்திரத்தை வாசல் தாண்ட விடுங்கள்.

கேள்வி: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் 200 கணினிகளைக் கொடுத்தோம், சான்றிதழும் தந்தார். இனி எங்களுக்குப் பொறுப்பு இல்லை அல்லவா? (கோயம்புத்தூர்)

பதில்: இருக்கிறது, முழுமையாக இருக்கிறது. ஏறத்தாழ மாதந்தோறும் எனக்கு வரும் கேள்வி இது. ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படியான பதிவு, கழிவைச் சுற்றுச்சூழலுக்குக் கேடின்றிக் கையாள்வதைப் பற்றியது. அதில் கணக்கிடப்படுவது எத்தனை கிலோ செம்பு, இரும்பு, அலுமினியம் மீட்கப்பட்டது என்பதுதான். உங்கள் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல் அழிந்ததா என்பதை அந்தத் தாள் சொல்லாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நீங்கள் வேலையை ஒப்படைத்தவர் செய்யும் தவறுக்கும் உங்களையே பொறுப்பாக்குகிறது. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அது வகுத்துள்ள தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் பழைய வட்டுகளை ஒப்படைத்து, அவற்றில் பல, தரவுகளோடே இணைய ஏலத்தில் விற்கப்பட்டதால், 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு மூன்றரைக் கோடி டாலர் கட்டியது. எனக்கு ஒருமுறை காட்டப்பட்ட சான்றிதழில் '1 லாட் கணினிகள் அழிக்கப்பட்டன' என்ற ஒரே வரி இருந்தது. எண்ணிக்கை, தேதி, முறை எதுவும் இல்லை. அதை நம்பி ஒரு மருத்துவமனை கோப்பை மூடியிருந்தது. சான்றிதழில் ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணும், அழித்த முறையும், அழித்தவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். அனுப்பும்போது நீங்கள் எழுதிய பட்டியலோடு அது எண்ணுக்கு எண் பொருந்த வேண்டும். முடிந்தால் வட்டுகளை மட்டும் கழற்றி, உங்கள் வளாகத்திலேயே, உங்கள் ஆள் பார்க்கும்போது நொறுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் பட்டியல் இல்லையென்றால் இன்றே அவரை அழைத்து, இன்னும் பிரிக்கப்படாத கணினிகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கழிவுக் கிடங்கு நடத்துகிறேன். தரம் பிரிக்கும் பெண்கள் வங்கிக் காகிதங்களைக் கண்டால் என்ன செய்வது? (அம்பத்தூர்)

பதில்: படிக்காமல் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், அன்றே அனுப்பியவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பெண்களைச் சந்தேகிக்காதீர்கள், தவறு, காகிதத்தை அப்படியே அனுப்பியவருடையது. கண்டு சொல்பவருக்குக் கூலி பிடிக்கும் கிடங்கில் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.