சானல்காரர்களின் சேவை நாள்

அன்புள்ள அக்கா,

நான் சென்னையில் ஒரு பொழுதுபோக்கு சானலில் வீடியோ எடிட்டராக இருக்கிறேன். எங்கள் ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை ‘சேவை நாள்’ என்று ஒன்று வைப்பார்கள். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிப் போவார்கள். ஒரு வருஷம் பெசன்ட் நகர் பீச்சில் குப்பை பொறுக்கினோம், ஒரு வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். கேமரா யூனிட்டும் கூடவே வரும். இந்த முறை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஒரு பையன் வாங்கிக்கொண்டு சிரிக்காமல் போய்விட்டான். ஒரு சிறுமி ஏனோ அழுதாள். மறுநாள் ஃபுட்டேஜ் என் டேபிளுக்கு வந்தது. “அந்தப் பையனைத் தூக்கிடு, பாப்பா அழறதை ஸ்லோமோஷன்ல வச்சு பியானோ போடு” என்றார்கள். போட்டுக் கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இதெல்லாம் வெறும் விளம்பரம்தானே? அடுத்த வருஷம் லீவு போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். என் நண்பனோ, “எப்படியோ, நோட்டு கிடைச்சுதா இல்லையா?” என்கிறான்.

பெயர் வேண்டாம்,
சென்னை

*

அன்புள்ள தம்பிக்கு,

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த வீடியோவைப் பற்றிப் பேசுவோம். காப்பகத்தில் இருக்கும் குழந்தைகள் பெரும்பாலும் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்’ என்ற வகையில் வருகிறவர்கள். அவர்களை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்பதற்காகவே 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 74ஆம் பிரிவு இருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சிறுமியின் முகத்தை ஸ்லோமோஷனில் ஊருக்கே காட்டியிருக்கிறீர்கள் என்பதை உங்கள் கம்பெனி வக்கீலிடம் யாராவது சொன்னால், பியானோவோடு சேர்த்து வீடியோவும் காணாமல் போய்விடும். இதை நீங்களே போய் மேலிடத்தில் சொல்லலாம். ‘மனசாட்சி உறுத்துகிறது’ என்று சொன்னால் சிரிப்பார்கள், ‘செக்‌ஷன் 74’ என்று சொன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. விளம்பரமா என்றால் ஆமாம், விளம்பரம்தான். பெரிய கம்பெனிகளின் தர்ம காரியம் என்று நாம் பார்ப்பதில் கணிசமான பகுதி இங்கே சட்டப்படி செய்தே ஆகவேண்டியது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகிய மூன்றில் எந்த ஒன்றைத் தொட்டாலும், முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். செய்யாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றுதான் முதலில் இருந்தது, 2021இல் அதையும் இறுக்கிவிட்டார்கள், மிச்சப் பணத்தைத் தனிக் கணக்குக்கோ அரசு சொல்லும் நிதிக்கோ மாற்றியாக வேண்டும். சிமென்ட் கம்பெனிக்கும் சானலுக்கும் ஒரே விதிதான். ஆகவே பெரிய அட்டைக் காசோலையோடு போட்டோ வரும்போது கண்கலங்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம்.

இதில் உங்களுக்குச் சுவாரசியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மாரத்தான், விருது விழா, விளம்பரம், டிவி நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் செய்வது போன்ற ஒருநாள் கூத்துகள் இந்தக் கணக்கில் சேராது என்று 2014லேயே மத்திய அரசு சுற்றறிக்கை போட்டுவிட்டது. ஊழியர்கள் இலவசமாக உழைத்த நேரத்தை ரூபாயாக மாற்றிக் கணக்கு காட்டவும் முடியாது. அதாவது, நீங்கள் பஸ் ஏறிப் போய் உழைத்த அந்த நாள் சட்டத்தின் கணக்கில் பூஜ்யம். பின் எதற்காக நடத்துகிறார்கள்? ஊழியர்கள் ஒன்றுகூட, படம் பிடிக்க. கூடினால் கூடட்டும், எனக்கு அதில் புகார் இல்லை. முழுநேரமும் திரை முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற ஆட்கள் ஒருநாள் கடற்கரைக் காற்று வாங்குவது நல்லதுதான்.

ஆனால் ஒரு சானலிடம் சிமென்ட் கம்பெனியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. லட்சம் வீடுகளுக்குள் நுழையும் ஒளிபரப்பு நேரமும், அதைச் செதுக்கத் தெரிந்த உங்களைப் போன்ற ஆட்களும். அதைக் கொடுக்கும்போதுதான் ஊடகம் தன் சொந்தச் சொத்தைக் கொடுக்கிறது. அதில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜெர்ரி லூயிஸ் என்ற நகைச்சுவை நடிகர், தசைச் சிதைவு நோயுள்ளவர்களுக்கு உதவும் ஒரு அமைப்புக்காக 1966இலிருந்து 2010 வரை ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் தொடக்கத்தில் மணிக்கணக்காக நீளும் நேரடி நிகழ்ச்சி நடத்தினார். பாட்டு, ஆட்டம், நடுநடுவே சக்கர நாற்காலியில் குழந்தைகள். அவற்றில் திரண்ட தொகை 200 கோடி டாலருக்கு மேல். யாரும் அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய தொகை இல்லை. ஆனால் 1990இல் அவர், தனக்கு அந்த நோய் இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார், அதில் அப்படி வாழ்வது அரை மனிதனாக வாழப் பழகுவது என்ற தொனியில் எழுதிவிட்டார். எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் முன்னால் நின்றவர்கள், சின்ன வயதில் அதே அமைப்பின் போஸ்டர்களில் முகம் காட்டிய உடன்பிறந்தவர்கள் இருவர். ஊரே பார்த்துப் பரிதாபப்படும் ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள் என்பதுதான் அவர்களுடைய வாதம். காசு வந்தது உண்மை, அந்தக் காசைத் திரட்ட வரைந்த சித்திரம் அவர்களுக்கே வினையாக முடிந்ததும் உண்மை. உங்கள் நண்பனின் ‘நோட்டு கிடைச்சுதா இல்லையா’ இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது.

இதே நிகழ்ச்சியைப் பார்த்து பிரான்ஸில் 1987 டிசம்பரில் தெலெத்தோன் என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சி தொடங்கியது. முதல் வருஷம் முன்னால் நின்றவரும் அதே ஜெர்ரி லூயிஸ்தான். அரசுத் தொலைக்காட்சி கிட்டத்தட்ட 30 மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கியது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பணத்தைக் கையாண்டது நோயாளிகளும் அவர்களுடைய பெற்றோர்களும் நடத்திய சங்கம். என்ன ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள். அந்தப் பணத்தில் பாரிஸுக்குப் பக்கத்தில் எவ்ரியில் 1990இல் ஜெனெத்தோன் என்ற ஆய்வுக்கூடம் எழுந்தது. 1992இல் மனித மரபணுத் தொகுதியின் ஆரம்பகால வரைபடங்களை அங்கிருந்துதான் வெளியிட்டார்கள், அதுவும் உலகத்தில் எந்த விஞ்ஞானியும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி. அரசாங்கங்கள் திணறிக்கொண்டிருந்த வேலையில் ஒரு பெற்றோர் சங்கம் டிவி நேரத்தை வைத்து முன்னால் போய்விட்டது! குறையே இல்லை என்று சொல்லவில்லை. மக்களின் கொடை மொத்தத்தையும் இந்த ஒரு நிகழ்ச்சியே உறிஞ்சிவிடுகிறது என்று 2009இல் எய்ட்ஸ் நிதி திரட்டும் அமைப்பின் தலைவர் பியர் பெர்ழே வெளிப்படையாகவே திட்டினார். அதிலும் நியாயம் உண்டு.

பிரிட்டனில் காமிக் ரிலீஃப் பட்ட பாடு இன்னொரு கதை. பிபிசி வழியாக வளர்ந்த, தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டும் அமைப்பு அது. கொடுக்கக் காத்திருந்த நிதியில் ஒரு பகுதி ஆயுதம், புகையிலை, மதுக் கம்பெனிகளின் பங்குகளில் கிடந்ததை 2013இல் வெளிக்கொண்டு வந்ததே பிபிசியின் பனோரமா நிகழ்ச்சிதான். தன் வீட்டுத் தர்ம காரியத்தையே தோண்டும் தைரியம் ஒரு ஊடகத்துக்கு இருந்தால், அதையும் சமூக சேவையில் சேர்க்கலாம் என்பது என் கட்சி. அப்புறம் 2019இல், உகாண்டாவில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு டிவி பிரபலம் போட்ட படத்தை டேவிட் லாமி என்ற எம்.பி. கண்டித்தார், பெரிய சண்டை ஆனது. அடுத்த வருஷம், இனி பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படம் எடுக்கப் போவதில்லை, அங்கேயே இருக்கும் படைப்பாளிகளிடம் கேமராவைக் கொடுக்கிறோம் என்று அறிவித்தார்கள்.

அந்த அறிவிப்பைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். கேமராவும் கத்தரியும் யார் கையில் என்பதுதான் எல்லாமே. சிரிக்காத அந்தப் பையனை வெட்டச் சொன்னவர் காப்பகத்தில் இருப்பவர் இல்லையே. அவன் ஏன் சிரிக்க வேண்டும், சொல்லுங்கள்? நோட்டு வாங்கினால் சிரித்தாக வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் விதி இல்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது, அதில் கண்ணீரும் கிடையாது, டி-ஷர்ட்டும் கிடையாது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரிக்கு 1996 வாக்கில் ஒரு யோசனை வந்தது. டிவியில் சினிமாப் பாட்டு ஓடும்போது, பாட்டின் வரிகளை அதே மொழியில் கீழே ஓட விட்டால் என்ன? எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே தங்களை அறியாமல் படித்துப் பழகுவார்கள் இல்லையா? 1999இல் குஜராத் தூர்தர்ஷனின் பாட்டு நிகழ்ச்சியில் அதை ஆரம்பித்தார்கள், பிறகு இந்தி நிகழ்ச்சிகளுக்கும் போனது. பாடும் சொல் நிறம் மாறும், அவ்வளவுதான். கூடுதல் செலவு மிகக் குறைவு, காது கேளாதவர்களுக்கும் பயன். இந்த வேலையை உங்கள் சானலில் செய்யக்கூடிய ஆள் யார்? ஹெச்.ஆர். இல்லை, சேர்மன் இல்லை. எடிட்டர்.

லீவு போட வேண்டாம், தம்பி. நீங்கள் போகாவிட்டாலும் பஸ் புறப்படும், உங்கள் டி-ஷர்ட்டை வேறு யாராவது போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக ஹெச்.ஆரிடம் போய், எங்கள் டீமுக்கு அந்த ஒருநாளைப் பிரித்து மாதம் கொஞ்சம் மணி நேரமாகக் கொடுங்கள் என்று கேளுங்கள். நல்ல வேலை செய்தும் ஒழுங்காக ஒரு வீடியோ செய்துகொள்ள வசதியில்லாத சின்ன டிரஸ்ட்கள் சென்னையில் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் எடுத்ததை வெட்டிக் கொடுங்கள், கடைசி கட் சரியா இல்லையா என்று அவர்கள் சொல்லட்டும். உங்கள் சானலில் ஞாயிற்றுக்கிழமை ஓடும் பாட்டு நிகழ்ச்சி ஏதாவது ஒன்றுக்கு மட்டும் வரிகளைப் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால், என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ராயல்டி, ஸ்லாட், டெக்னிக்கல் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா