ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டுப் பாய்மரப் படகிலேயே வாழப் போகலாமா?

கேட்டவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். வீட்டை விற்று ஒரு படகு வாங்கி மனைவியோடு அதிலேயே குடியேற ஆசைப்படுகிறார். கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "படகை நான் பார்த்துக்கொள்வேன், அவள் கூட வந்தால் போதும்." அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நாலு வருடத்துக்கு முன்னால் அப்படிக் கூடப் போனவள் நான்.

எங்கள் படகு 34 அடி, வேறொருவர் பல வருடம் ஓட்டியது. முதல் ஆறு மாதம் சுக்கான், பாய், வானொலி எல்லாம் என் கணவர் கையில்தான். கேட்டால் கயிற்றை எடுத்துக் கொடுப்பேன், மற்றபடி கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுகமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம் கரையிலிருந்து நாலு மணி நேரத் தொலைவில் இருந்தோம். பின்னாலிருந்து நல்ல காற்று, இரண்டு பாயும் விரிந்திருந்தன. அவர் உள்ளறைக்கு இறங்கும்போது ஈரப் படியில் கால் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. வலியில் முகம் வெளுத்து, எழுந்து மேலே வர முடியாமல், கீழே கிடந்தபடியே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பாயைச் சுருட்டு. தண்ணீரில் கயிறு ஏதும் தொங்குகிறதா என்று பார், இருந்தால் படகின் அடியில் சுழலும் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் இன்ஜினைப் போட்டுப் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பு, பாய் படபடவென்று அடிக்கும், பயப்படாதே, அதில் காற்றின் இழுப்பு போய்விட்டது என்று அர்த்தம், அப்போது பெரிய பாயைத் தூக்கி நிறுத்தும் கயிற்றை விட்டால் அது தானாக இறங்கும் என்றார். பாதி இறங்கி சிக்கிக்கொண்டது. ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்து மறு கையால் துணியைப் பிடித்துப் பிடித்து இழுத்தேன், நகம் இரண்டு பிய்ந்துபோனதே கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வானொலியில் ஆபத்துக்கு உதவி கேட்கும் 16ஆம் சேனலில் படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது, அவர் சொல்லச் சொல்லத்தான் சொன்னேன். அவர் மயங்கிப் போயிருந்தால்? இதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அவர் கை குணமாகும் வரை கரையில் இருந்த மாதங்களில் நான் முறையாகப் படகோட்டப் படித்தேன். இப்போது ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். என் முறை வந்தால் நங்கூரம் எடுப்பதிலிருந்து அடுத்த இடத்தில் போடுவது வரை அவர் எதையும் தொடக் கூடாது. இதற்குப் பெரிய உடல் பலம் வேண்டியதில்லை, கயிற்றை இறுக்க வின்ச் என்ற சுழல் உருளை இருக்கிறது, சங்கிலியை இழுக்க மோட்டார் இருக்கிறது. முன்யோசனைதான் வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் அழுத்தம் நாலு மடங்காகும், அதனால் 'பாயைக் குறைக்கலாமா' என்ற எண்ணம் வந்த அந்த நிமிடமே குறைத்துவிட வேண்டும். நங்கூரம் போட்டால் தண்ணீரின் ஆழத்தோடு படகு முனையின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விடுங்கள், காற்று பலமாக இருந்தால் ஏழு. இந்தக் கணக்கு உங்கள் மனைவிக்கும் தெரியட்டும்.

ஜீன் சாக்ரடீஸ் என்று ஒரு பிரிட்டிஷ் பெண்மணி, கணித ஆசிரியையாக இருந்தவர். பணியை விட்ட பிறகு 1997இல் கணவரோடு படகில் வாழத் தொடங்கினார். 2003இல் கணவர் புற்றுநோயில் இறந்துவிட்டார். அவர் படகை விடவில்லை. தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2019இல் முடித்தபோது அவருக்கு வயது 77. அத்தனை தூரம் எல்லோரும் போக வேண்டாம், ஆனால் படகு தன் கைக்கும் அடங்கும் என்று தெரிந்திருந்ததால்தானே அந்தத் துக்கத்துக்குப் பிறகும் அவரால் கடலில் இருக்க முடிந்தது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். விற்காதீர்கள், முதல் வருடமாவது வாடகைக்கு விடுங்கள். திரும்பிப் போக இடம் இருந்தால்தான் இரண்டு பேரும் 'இது எனக்கு ஒத்துவரவில்லை' என்று மனம் திறந்து சொல்ல முடியும். படகு வாங்குவதற்கு முன்னால் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு வாரம் இருந்து பாருங்கள், அதுவும் மழையும் குளிருமான நாட்களில். மூடிய அறையில் சுவரெல்லாம் வியர்த்து, மெத்தைக்கு அடியில் ஈரம் கோத்து, அதிலும் இருவருக்கும் பேச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கும்போது படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சர்வேயரை, அதாவது படகைச் சோதித்துச் சொல்லும் நிபுணரை, வைத்துப் பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பத்துப் பன்னிரண்டு வருடம் பழசானவை என்றால் மாற்றும் செலவையும் விலையில் கணக்குப் போடுங்கள். வருடா வருடம் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் பொதுவான கணக்கு, எங்களுக்கு அதற்கு மேலேயே போயிருக்கிறது. பெரிய படகு வேண்டாம், நீளம் கூடக் கூட மரினா என்ற படகுத்துறையின் வாடகையிலிருந்து பாயின் கனம் வரை எல்லாமே கூடும். பல், கண், முழங்கால் எல்லாவற்றையும் கிளம்பும் முன் காட்டிவிடுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழைய வகை ஈய பேட்டரி என்றால் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்கிறேனே, எங்களுக்குத் திரும்பிப் போகும் எண்ணமே இல்லை. நேற்று சாயங்காலம் என் முறை. ஒரு சின்ன வளைகுடாவில் நங்கூரம் இறக்கி, இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்த்து, கரையில் ஒரு பாறையையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் குறித்துவைத்து, அரை மணி நேரம் அந்தக் கோடு விலகவில்லை, நங்கூரம் நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டு கீழே போனேன். அவர் புத்தகத்தை மார்பில் கவிழ்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள் சார். அவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அவரே எனக்கு எழுதட்டும், அவருக்கே பதில் சொல்கிறேன்.