கார் ஷெட்டுக்கு எந்த கீபேடு வாங்கலாம்?

கேள்வி: வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டுக்கு மோட்டார் வைத்த ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். கூடவே இரண்டு ரிமோட் தந்தார்கள். ஒன்றை மகன் மறதியாக மஸ்கட்டுக்கே கொண்டுபோய்விட்டான். மிச்சம் இருக்கிற ஒன்றுக்கு நானும் மனைவியும் அடித்துக்கொள்கிறோம். வெளிச்சுவரில் நம்பர் அழுத்தித் திறக்கிற கீபேடு வைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். நாகர்கோவிலில் விசாரித்தால் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் இருக்கிறது, அதைப்போல ஐந்து மடங்கு விலையிலும் இருக்கிறது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எதை நம்பி வாங்குவது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: முன்பக்கம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், சார். கடையில் கையில் வாங்கியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

விலை குறைந்த கீபேடுகளில் பெரும்பாலானவை அலுவலகக் கதவுகளில் காந்தப் பூட்டோடு வைப்பதற்காகச் செய்தவை. இவற்றில் நம்பரைச் சரிபார்க்கிற சர்க்யூட்டும், மோட்டாருக்குத் 'திற' என்று சொல்கிற ரிலேயும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். அந்த டப்பாதான் உங்கள் வெளிச்சுவரில் இருக்கப்போகிறது. ஒருவன் ஸ்குரூ டிரைவரோடு வந்து அதைக் கழற்றினால், ரிலேயிலிருந்து உள்ளே போகும் இரண்டு வயர் அவன் கைக்குக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போதும், ஷட்டர் ஏறிவிடும். நீங்கள் வைத்த நம்பர் நாலு இலக்கமா ஆறு இலக்கமா என்று அவன் யோசிக்கவே வேண்டியதில்லை. கைரேகை வைத்த மாடலாக இருந்தாலும் கதை இதுதான்.

அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "ரிலே எங்கே இருக்கிறது?" என்பது. ஒழுங்கான அமைப்பில், வெளியே இருக்கிற கீபேடு நம்பரை வாங்கி உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். சரியா தவறா என்று முடிவு செய்வது ஷெட்டுக்குள் இருக்கிற கன்ட்ரோலர். வீகண்ட் இணைப்புள்ள (அழுத்திய நம்பரை வயர் வழியாக கன்ட்ரோலருக்கு அனுப்புகிற முறை) கீபேடும் தனி கன்ட்ரோலரும் வேண்டும் என்று கேட்டால், சிசிடிவி, அக்சஸ் கன்ட்ரோல் வேலை செய்கிறவர்களுக்குப் புரியும். செலவு கொஞ்சம் கூடும். கூடுதல் பணம் எதற்காவது கொடுப்பதென்றால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். நீல விளக்குக்கும் தொடுதிரைக்கும் இல்லை. அது கட்டுப்படியாகாது என்றால், சுவரிலிருந்து கழற்றினால் அலறுகிற டேம்பர் அலாரமாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயர் இழுக்க வேண்டாம், பேட்டரியில் ஓடுகிற வயர்லெஸ் கீபேடு போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் கழற்றித் தொட வயர் கிடையாது, அது நல்ல விஷயம். ஆனால் அது உள்ளே இருக்கிற ரிசீவருக்கு ரேடியோ அலையில் ஒரு கோடு, அதாவது ரகசியக் குறியீடு, அனுப்புகிறது, உங்கள் ரிமோட் அனுப்புவதைப் போலவே. இங்கே விற்கிற பலவும் 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. சந்தையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு முறையும் அதே கோடை அனுப்புவது. அதை ஒருவன் பக்கத்தில் நின்று பதிவு செய்து, பிறகு அப்படியே திருப்பி அனுப்பினால் ஷட்டருக்கு வித்தியாசம் தெரியாது. தெருமுனைச் சாவிக்கடைகளில் 'காப்பி ரிமோட்' போட்டுத் தருகிறார்களே, அது வேலை செய்வதே இதனால்தான். இன்னொன்று ரோலிங் கோடு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கோடு மாறும், பழைய கோடை ரிசீவர் ஏற்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'லேர்னிங் கோடு' என்று அட்டையில் போட்டிருப்பதை ரோலிங் கோடு என்று நினைத்து ஏமாறாதீர்கள். ரிசீவர் அந்த ரிமோட்டைக் கற்றுக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், கோடு மாறும் என்பதல்ல. மலிவு ரிமோட்டுகளில் இருக்கிற ஈவி1527 சிப் இந்த மாறாத வகை. எச்சிஎஸ்301 போன்றவை மாறுகிற வகை. 2015-ல் சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், உற்பத்தி நின்றுபோன ஒரு விளையாட்டுப் பொருளைக் கொஞ்சம் மாற்றி, மாறாத கோடு கொண்ட பழைய கராஜ் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். அதே ஆண்டு ரோலிங் கோடையும் ஏமாற்ற வழி இருக்கிறது என்று அவரே காட்டினார். ஆனால் அதற்கு வீட்டுக்காரர் ரிமோட்டை அழுத்தும் நேரத்தில், பக்கத்தில் ஒரு கருவி சிக்னலைத் தடுத்து, பிடித்து வைத்திருக்க வேண்டும். நம் ஊர்த் திருடனுக்கு அதைவிட எளிய வழிகள் நிறைய இருக்கின்றன.

ஆகவே, உங்களிடம் இருக்கிற ரிமோட்டே மாறாத கோடு வகையாக இருந்தால், அதன் பக்கத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கீபேடு வைத்தும் பயனில்லை. முதலில் ரிசீவரை மாற்றுங்கள், அப்புறம் கீபேடு. வயர்லெஸ் கீபேடு வாங்குவதானால் மோட்டார் கம்பெனியே தருவதை வாங்குவது நல்லது. 433 என்று இரண்டிலும் எழுதியிருப்பதாலேயே ஒன்றோடொன்று பேசிவிடாது.

பொருத்தும்போது இரண்டு விஷயம். கீபேடுக்கு 12 வோல்ட் போன்ற குறைந்த மின்சாரம்தான் போக வேண்டும். மோட்டாரின் 230 வோல்ட் லைனை வெளிச்சுவர் டப்பாவுக்குக் கொண்டுபோகிற எலக்ட்ரீசியனை அதோடு அனுப்பிவிடுங்கள். மோட்டாரின் கன்ட்ரோல் பாக்ஸில் புஷ் பட்டனுக்கென்று முனைகள் இருக்கும், அங்கேதான் சேர்க்க வேண்டும். இன்னொன்று, ரிலே ஒரு விநாடி மட்டும் இணைந்து விடுகிற மாதிரி அமைக்கச் சொல்லுங்கள். கதவுப் பூட்டுக்கான கீபேடுகள் பல விநாடி இணைப்பிலேயே இருக்கும். ஷட்டர் பாதியில் நிற்பது, பட்டனுக்கு மறுபடி கட்டுப்படாதது போன்ற சில்லறைத் தொல்லைகளுக்கு இது ஒரு காரணம்.

நம்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு இலக்கத்தில் பத்தாயிரம் வாய்ப்பு, ஆறு இலக்கத்தில் பத்து லட்சம். சில தடவை தப்பாக அழுத்தினால் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்கிற கீபேடு என்றால் நாலு இலக்கம்கூடப் பரவாயில்லை. ஆனால் ஒரே நம்பரை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் அந்த நாலு பட்டன் மட்டும் தேய்ந்து பளபளக்கும். எந்த நாலு என்று தெரிந்துவிட்டால் மிச்சம் 24 வரிசைதான். கம்பெனி போட்டு அனுப்புகிற மாஸ்டர் கோடை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அது அந்த மாடல் வாங்கிய எல்லோருக்கும் ஒன்றுதான். வண்டி நம்பர், மகன் பிறந்த வருஷம் வேண்டாம்.

மஸ்கட் போன ரிமோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கிருந்து அது எதையும் திறக்காது. உள்ளூரில் எங்காவது தொலைந்திருந்தால் ரிசீவரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. ஐபி 65, மழைக்குத் தாங்கும் என்று சொல்லி விற்ற கீபேடு ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. பட்டன் அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. கேட்டால், தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது என்கிறார்கள்.
வாசகி, குளச்சல்

பதில்: ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி உள்ளே புகாது, குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புக்காற்று அதற்குள் வராது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கமெல்லாம் முதலில் போவது ஸ்குரூவும் வயர் முனையும்தான். பளபளப்பான உலோக உடம்பு பார்க்க உறுதியாகத் தெரியும், பெரும்பாலும் அது துத்தநாகக் கலவைக்கு மேல் பூச்சு. பூச்சு கொப்பளித்ததும் கதை முடிந்தது. கடலோரத்துக்கு நல்ல கெட்டி பிளாஸ்டிக்கே மேல். ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 316 தரம் கேளுங்கள், 304 அங்கே துருப்புள்ளி விடும். உள்ளே சர்க்யூட் முழுவதும் ரெசின் ஊற்றி மூடிய மாடல்கள் கிடைக்கின்றன, உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

அப்புறம், பல கீபேடு மழை முன்னாலிருந்து அடித்துக் கெடுவதில்லை. சுவரில் போட்ட துளை வழியாகப் பின்னாலிருந்து ஈரம் வருகிறது, எறும்பும் வருகிறது. வயரைக் கீழே ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். துளையையும் மேல்விளிம்பு, பக்கவிளிம்புகளையும் சிலிகான் போட்டு அடைக்க வேண்டும், கீழ்விளிம்பை மட்டும் திறந்து விடுங்கள். நமக்கு ஆனி ஆடிச் சாரல் ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு பக்கம். எந்தச் சுவரில் வைத்தாலும் மேலே ஒரு சின்ன மறைப்பு வேண்டும்.

வாரண்டி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மழைக்குத் தாங்கும் என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு, மழை பட்டதால் வாரண்டி இல்லை என்று சொன்னால், பொருள் சொன்ன தரத்தில் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரிதான். அட்டைப்பெட்டியில் ஐபி 65 என்று அச்சிட்ட பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: கணவர் குவைத்தில். நான் வேலைக்குப் போய்விடுவதால், யாராவது வந்தால் அவரே போனில் ஷெட்டைத் திறந்துவிடட்டும் என்று வைஃபை கீபேடு பார்க்கிறோம். பாதுகாப்பானதா?
வாசகி, தக்கலை

பதில்: வசதிதான். ஆனால் திறக்கிற உத்தரவு எங்கோ இருக்கிற கம்பெனி சர்வர் வழியாக வருகிறது என்பதை மறக்க வேண்டாம். 2023-ல் நெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கராஜ் கருவிகளில், எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல் ஒன்று உள்ளேயே பதிந்திருந்தது தெரியவந்தது. அடுத்தவர் வீட்டுக் கதவை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திறக்கலாம் என்கிற நிலை. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. பெயர் தெரியாத ஆப்பில் ஓடுகிற சரக்கு வேண்டாம் என்பதற்கு இது போதும்.

அதைவிட அருகில் இருக்கிற ஆபத்து ஒன்று. பொருத்த வருகிற பையன் அவசரத்தில் தன் போனிலேயே கணக்கைத் தொடங்கி, பிறகு உங்களைக் கூடுதல் ஆளாகச் சேர்த்துவிட்டுப் போவான். வீட்டுக்கு அட்மின் அவன். உங்கள் போனில், உங்கள் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கச் செய்யுங்கள். பயனர் பட்டியலைத் திறந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று அவன் முன்னாலேயே பாருங்கள். நெட் இல்லாவிட்டாலும் சுவரில் நம்பர் அழுத்தினால் திறக்கிற மாடலாக இருக்க வேண்டும். கேமராவில் பார்க்காமல் குவைத்திலிருந்து ஷட்டரை இறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கீழே குழந்தையோ, நாயோ நிற்கலாம். தடை வந்தால் ஷட்டரை நிறுத்துகிற சென்சார் இல்லாமல் தூரத்திலிருந்து இயக்குவதே கூடாது.

கேள்வி: கரண்ட் போனால் கீபேடு என்ன ஆகும்?
வாசகர், பூதப்பாண்டி

பதில்: கீபேடுக்குச் சின்ன பேட்டரி கொடுத்து உயிரோடு வைக்கலாம், மோட்டார் ஓடாதே. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு குமரி மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கையால் சுற்றுகிற செயினோ, ஷட்டரை மோட்டாரிலிருந்து விடுவிக்கிற ரிலீஸ் லீவரோ ஷட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளே இருந்து, ஷெட்டுக்கு வேறு கதவும் இல்லையென்றால், நீங்கள் வெளியே மாட்டிக்கொள்வீர்கள். வெளியிலிருந்து சாவி போட்டு விடுவிக்கிற பூட்டு ஒன்று வைக்க வேண்டும். பேட்டரியோடு வருகிற 24 வோல்ட் மோட்டாரும் இருக்கிறது, விலை அதிகம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கீபேடு பழுது. விற்றவர் டெல்லியில் இருக்கிறார். நாகர்கோவிலில் வழக்கு போட முடியுமா?
வாசகர், அழகியமண்டபம்

பதில்: முடியும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் வழிக்கு வரவில்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில், பணம் போன கணக்கு, விற்பனைப் பக்கத்தின் படம், வாட்ஸாப்பில் அவர்கள் எழுதிய பதில் எல்லாம் சேருங்கள். அட்டைப்பெட்டியையும் எறிய வேண்டாம். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும், எதிர்மனுதாரராக அவரையும் சேர்க்கலாம்.