ரெண்டு பேர் மட்டும் பனிச்சிகரம் ஏறலாமா?

பொதிகை ஏறிய அனுபவத்தோடு, நண்பனோடு மட்டும் இமயப் பனிச்சிகரம் போகலாமா என்று அம்பாசமுத்திரத் தம்பி கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பொதிகை 1,868 மீட்டர்; லடாக்கின் லே நகரமே ஏறக்குறைய 3,500. உடம்பு மெல்லப் பழகிவிடும். பயம் பனிப்பிளவில்தான், அதாவது பனிப்பாளத்தில் விழுந்த ஆழமான வெடிப்பில். மேலே புதுப்பனி மூடி, அடித்த களம் மாதிரி சமமாகக் கிடக்கும், கீழே பாழுங்கிணறு. ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு நடக்கும் மூவரில் ஒருவர் விழுந்தால் இருவர் பிடிப்பார்கள். உங்களில் ஒருவர் விழுந்தால் பிடிக்க ஒற்றை ஆள். அதனால்தான் இருவர் போகும்போது இடைவெளியைக் கூட்டி, நடுக்கயிற்றில் முடிச்சுகள் போடுவார்கள். முடிச்சு பிளவின் விளிம்புப் பனியில் புதைந்து மாட்டி, எடையில் ஒரு பங்கைத் தாங்கும். கயிறு தொய்யவே கூடாது. விழுந்தவரைத் தனியாளாக மேலே தூக்குவதுதான் பெரும்பாடு. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு, முதல் சிகரத்துக்கு வழிகாட்டியோடு போங்கள்.