உமிச் சாக்கும் கன்னிக் கொத்தும்

கேள்வி: ரீச்சர், நம் பால்வழி போன்ற விண்மீன் மண்டலங்கள் கொத்தாக நெருங்கியிருக்கும் இடத்தில் அவற்றின் வாயுவும் தூசும் பறிபோய்விடும் என்று வாசித்தேன். விண்வெளி வெறுமைதானே? அங்கே எந்தக் காற்று அடிக்கும்? நட்சத்திரங்கள் ஏன் போவதில்லை?
– உயர்தர மாணவி, முள்ளியவளை

பதில்: பிள்ளை, இதை வாசித்ததும் எனக்கு ஓர் உமிச் சாக்குத்தான் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒட்டுசுட்டான் மில்லில் நெல் குற்றிவிட்டு, அண்ணாவின் சைக்கிள் கரியரில் உமியைக் கட்டிக்கொண்டு வந்தோம். இலை அசையாத காலை. குளக்கட்டு இறக்கத்தில் அண்ணா வேகம் எடுக்க, சாக்கின் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது. வீட்டில் இறக்கும்போது சாக்கில் பாதிதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் வந்த வழி நெடுக உமிக் கோடு. அடியில் கிடந்த குறுணல் மட்டும் அப்படியே இருந்தது. காற்று அடிக்கவில்லை, நின்ற காற்றுக்குள் நாங்கள்தான் ஓடினோம்.

கொத்துக்குள்ளும் இதேதான் நடக்கிறது. மண்டலங்களுக்கு நடுவில் இருப்பது வெறுமை அல்ல, 1 கோடி முதல் 10 கோடி பாகை வரை கொதிக்கும் வாயு. எக்ஸ் கதிர்களில் அது பளிச்சென்று தெரியும். பெரிய கொத்துகளில் எல்லா நட்சத்திரங்களையும் ஒன்றாக நிறுத்தாலும் இந்த வாயுவின் நிறைக்கு ஈடாகாது. ஆனால் மிகவும் ஐது: நடுப்பகுதியில் கூட ஒரு கன மீற்றருக்குள் சில ஆயிரம் துகள்கள்தான்.

இவ்வளவு ஐதான வாயு எப்படித் தள்ளும் என்று கேட்பீர்கள். வேகத்தைப் பாருங்கள். கொத்துக்குள் விழும் மண்டலம் செக்கனுக்கு 1000 கிலோமீற்றருக்கும் மேலே போகும். அழுத்தம் என்பது வாயுவின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது; வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அந்த அழுத்தம் மண்டலத்தின் ஈர்ப்புப் பிடியை மீறும் இடத்தில் வாயு கழன்றுவிடும். இந்தக் கணக்கை ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்ற வானியலாளர்கள் இருவரும் 1972இல் எழுதினார்கள். உயர்தரப் பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு அது விளங்கும், ஒருமுறை தேடி வாசியுங்கள்.

முதலில் போவது ஓரத்து வாயு, அங்கேதான் ஈர்ப்புப் பிடி தளர்வு. தூசும் வாயுவோடு சேர்ந்தே இழுபடும். கன்னி இராசித் திசையில் தெரியும் மண்டலக் கொத்தான கன்னிக் கொத்தில் என்ஜிசி 4402 என்றொரு மண்டலத்தை ஹபிள் தொலைநோக்கி படம் எடுத்திருக்கிறது. அதன் தூசுத் தட்டு ஒரு பக்கமாக வளைந்து, ஓரத்தில் கரிய இழைகள் நிற்கும். அவை அடர்த்தியான முகில்கள். சுற்றியிருந்த லேசான வாயு போனபின்னும் எதிர்த்து நிற்பவை. எனக்கு அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காது.

சரி, நட்சத்திரங்கள்? குறுணல் பாரத்தால் தப்பியது, இங்கே காரணம் வேறு. நட்சத்திரம் தன் நிறைக்கு மிகமிகச் சிறியது. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர், அதற்கு அடுத்த நட்சத்திரமோ 4.2 ஒளியாண்டுக்கு அப்பால். பிடித்துத் தள்ளப் போதிய பரப்பு அதற்கு இல்லை. வாயு மட்டும் பாய் விரித்ததுபோலப் பரந்து கிடக்கிறது.

இழப்பு பெரியது. நட்சத்திரங்கள் பிறக்க வாயுதான் விதைநெல். அழுத்தம் பட்ட வேளையில் முகில்கள் நெருங்கிக் கொஞ்சம் புது நட்சத்திரங்கள் பிறக்கலாம், வாலாக நீளும் வாயுவிலும் பிறக்கும். ஈஎஸ்ஓ 137-001 என்ற மண்டலத்தின் வாலில் நீல நட்சத்திரங்கள் தெரிகின்றன. அப்புறம் மண்டலத்தில் பிறப்பு ஓய்ந்து, நீலம் மங்கிச் சிவந்துபோகும்.

நம்முடைய பால்வழி இப்படிப்பட்ட கொத்துக்குள் இல்லை, சிறு கூட்டம் ஒன்றில்தான் இருக்கிறது. ஆனால் பால்வழிக்கு மிகக் கிட்டச் சுற்றும் குட்டி மண்டலங்கள் பலவற்றில் வாயுவே இல்லை. அவற்றுக்கு நம் பால்வழியைச் சூழ்ந்த வாயுதான் அந்தக் காற்று.

மே மாதத் தொடக்கத்தில் இரவு 9 மணி தாண்டியதும் முற்றத்துக்கு வாருங்கள். உத்தர நட்சத்திரத்துக்குக் கிழக்கே, வன்னியில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே கன்னிக் கொத்து நிற்கும். வெறுங்கண்ணுக்கு இருட்டுத்தான். சிறிய தொலைநோக்கி கிடைத்தால் அக்கொத்தின் எம்86 என்ற மண்டலம் மங்கலான ஒரு புகைப்பொட்டாகத் தெரியும். என்ஜிசி 4402 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.