வேரில் முடிச்சு இருக்கிறதா? – பழத்தோட்டக் கேள்வி பதில்

கால் ஏக்கரில் மூன்று வயது ஆனைக்கொய்யா மரங்கள் நிற்கின்றன. மண்ணுக்கு உரமாகட்டும் என்று இடையில் கௌபி தூவினேன். முளைத்தது, ஆனால் இலை வெளிறி, முழங்கால் உயரம்கூட வரவில்லை. யூரியா போட்டால் தேறுமா?
– வாசகர், வெலிமடை

யூரியா வேண்டவே வேண்டாம். மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் கௌபி போன்ற பயறுச்செடி வேரில் முடிச்சு கட்டாது. முடிச்சுக்குள் வாழும் பற்றீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தரும் வேலை அத்தோடு நின்றுவிடும்.

ஒரு செடியைத் தோட்ட முள்ளுக்கரண்டியால் மண்ணோடு கிளப்பி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்துவிடும். முடிச்சே இல்லை என்று ஏமாந்துபோவீர்கள். வேரைத் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே ரோஜா நிறமோ சிவப்போ தெரிந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் நடக்கவில்லை.

மலைநாட்டில் இதற்குப் பெரும்பாலும் மண்ணின் புளிப்புத்தான் காரணம். மழை சுண்ணத்தைக் கழுவிக்கொண்டு போக, மண்ணில் கரையும் அலுமினியம் வேர்நுனியைக் கருக்குகிறது. முடிச்சு கட்டும் பற்றீரியாவும் தங்காது. மண்ணைப் பரிசோதியுங்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5-க்குக் கீழே இருந்தால் சதுர மீற்றருக்கு 100 கிராம் டொலமைட் சுண்ணாம்பு, அதாவது உங்கள் நிலத்துக்கு 100 கிலோ. செப்டெம்பர் கடைசியில் தூவி, ஒக்டோபர் மழை பிடித்த பிறகு விதையுங்கள். இரண்டு கிலோ விதை போதும். முடிச்சு கட்டும் பற்றீரியா விதையோடு சேர, நன்றாகக் காய்த்த கௌபிப் பாத்தியிலிருந்து இரண்டு கைப்பிடி மண் எடுத்து, ஆறிய கஞ்சித்தண்ணீரில் விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே போட்டுவிடுங்கள். பட்டுப்போகும் ஆனைக்கொய்யா மரத்தடி மண்ணைத் தொடவே கூடாது. வேரழுகலைக் கையோடு கொண்டுவந்துவிடுவீர்கள்.

முதல் பூ கண்டதும் அறுத்துவிடுங்கள். காய் பிடித்தால் நைதரசன் விதைக்குள் போய்விடும். அதைப் பறித்துக் கறிவைத்தால் மண்ணுக்கு மிச்சம் குறைவு. செடி உயிரோடு நிற்கும்போது மரத்துக்குக் கிடைப்பது சொற்பம்தான், தழையும் வேரும் மக்கும்போதுதான் உரம். ஆகவே வேரை மண்ணில் விட்டு, தழையை மரத்தைச் சுற்றிப் பரப்புங்கள். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். கொத்திப் புதைக்காதீர்கள், ஆனைக்கொய்யாவின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுகின்றன. ஜூன் முதல் ஊவாவில் வறட்சிக் காலம். அப்போது பச்சையாக நிற்கும் மூடுபயிர் மரத்தின் தண்ணீரைக் குடித்துவிடும்.

சரிவான நிலம். ஒவ்வொரு முறையும் விதைக்காமல் நிரந்தரமாக எதைப் போடலாம்?
– வாசகர், ஹற்றன்

மஞ்சள் பூப்பூக்கும் காட்டுக் கச்சான் (நிலக்கடலை இனம்) கொடி. மரத்தில் ஏறாது, நிழலையும் தாங்கும். நான்கைந்து கணுவுள்ள தண்டுகளை, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் இருக்கும்படி, ஓரடி இடைவெளியில் சரிவுக்குக் குறுக்காக நடுங்கள். வடிகான் ஓரங்களில் முதலில் நட்டால் மண் அரிப்பு அங்கேயே மட்டுப்படும். முதல் மூன்று நான்கு மாதம் மந்தமாகத்தான் படரும். அதுவரை கையால் புல் பிடுங்கியே ஆகவேண்டும். அந்தப் பாடு பொறுக்காமல்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இளங்கன்றைச் சுற்றி மூன்றடி வெறுமையாக வையுங்கள். மூடிய இடத்தில் நத்தை பதுங்கும்.

நுவரெலியாவில் பியர்ஸ் தோட்டத்துக்கும் இது சரிவருமா?

உறைபனி விழும் பள்ளங்களில் கருகிவிடும். அங்கே வெள்ளைக் குளோவர் போடுங்கள்.