வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டாயிற்று, இனிக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். கிணற்றை இறைத்து, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரினும் போட்டுவிட்டுப் போன நிம்மதியில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2011 ஜனவரி வெள்ளம் வடிந்தபோது மட்டக்களப்பு படுவான்கரையில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தண்ணீரில் குளோரின் மணக்கிறதே, அது போதும் என்று நாலு வயது மகளுக்குப் பச்சைத் தண்ணீரையே கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. இரத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. வயிறு ஊதிக்கொண்டு, மலம் எண்ணெய்ப் பிசுக்காகத் தாங்க முடியாத நாற்றத்தோடு போனது. ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுப்பேன், இரண்டு நாள் அடங்கும், அப்புறம் திரும்பவும் வரும். ஒரு மாதத்தில் சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. கண்டதையும் தின்னக் கொடுத்தேன் என்று சொந்தக்காரர் பேசினார்கள், மாமி முகத்துக்கு நேரேயே சொன்னார். மூன்றாம் தரம் மலம் சோதித்தபோதுதான் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்று தெரிந்தது.

குளோரின் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கொலரா, டைபொயிட் கிருமிகளை அது கொல்லும், கட்டாயம் போட வேண்டும். ஆனால் ஜியார்டியா தண்ணீரில் தடித்த கூட்டுக்குள் இருக்கும், குளோரினில் லேசில் சாகாது, தண்ணீர் கலங்கலாக இருந்தால் இன்னும் கஷ்டம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி அதைவிட மோசம். 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்தில் சுத்திகரித்து வந்த குழாய்த் தண்ணீரிலேயே அது கலந்து ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு வயிற்றோட்டம் வந்தது. அங்கேயும் தாய்மார் கண்டதைக் கொடுத்தார்களா? தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் இரண்டும் செத்துவிடும்.

எங்கள் வளவில் வெள்ளம் அத்தனை நாள் நின்றதற்குக் காரணம் கொங்கிரீட் வீதி. வளவை விட ஒரு முழம் உயர்த்திப் போட்டார்கள், வடிகான் வைக்கவில்லை. எத்தனை மனு கொடுத்தோம், ஒருவரும் வந்து பார்க்கவில்லை. மலசலகூடக் குழி நிரம்பி அந்தத் தண்ணீர்தானே கிணற்றுக்குள் இறங்கியது!

சரி, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வயிற்றோட்டம் இழுத்துக்கொண்டே போனால், மலத்தை ஒரு தரம் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று வந்ததும் விட்டுவிடாதீர்கள். ஜியார்டியாவின் அந்தக் கூடு எல்லா நாளும் மலத்தோடு வெளியே வராது. வெவ்வேறு நாளில் மூன்று தரம் கொடுக்க வேண்டும் என்று டொக்டரிடம் நீங்களே கேளுங்கள். நான் கேட்கத் தெரியாமல் ஒரு மாதம் பிள்ளையை வாட விட்டேன்.